பத்தாண்டின் சிறந்த சோல் ஆல்பம்: ஜொகூரிலிருந்து ஒரு வாதம்

கடந்த பத்தாண்டின் சிறந்த சோல் ஆல்பம் எது என்ற பேச்சை ஜொகூர் பாருவில் தமிழ் இசை ரசிகர்களிடம் எடுத்தால், அது எளிதில் முடியாது. டி'ஏஞ்சலோவின் 'பிளாக் மெசையா'வுக்குப் பிறகு பேச என்ன இருக்கிறது என்பார்கள் சிலர். சித் ஸ்ரீராமின் குரலைக் கேட்டபின் வேறு குரல் காதில் ஏறாது என்பார்கள் வேறு சிலர். மூன்றாவதாக ஒரு கூட்டம், மலேசியத் தமிழனிடம் கேட்டுவிட்டு யோகி பி பெயரைச் சொல்லாமல் எப்படிப் போவது என்று உரிமையோடு குறுக்கிடும். இப்படிப் பல திசையில் காது வளர்ந்ததற்குக் காரணம் இந்த ஊர் இருக்கும் இடம். கோலாலம்பூரிலிருந்து மின்னல் எஃப்எம்மும் ராகாவும் வருகின்றன. நீரிணைக்கு அப்பாலிருந்து சிங்கப்பூரின் ஒலி 96.8 வருகிறது. ஸ்பாட்டிஃபை 2013 ஏப்ரலிலேயே மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. இந்தியாவுக்குப் போனது 2019இல்தான். சினிமாப் பாட்டுக்குச் சென்னையைப் பார்த்திருந்த ஜொகூர்த் தமிழர், உலகத்துச் சோல் இசையை முழு ஆல்பமாக உட்கார்ந்து கேட்கும் வசதியைச் சென்னைக்கு முன்பே பெற்றுவிட்டார். ஆகவே இந்த வாதத்தை இங்கிருந்து நடத்த நமக்குத் தகுதி உண்டு. நடத்தும் முறையில்தான் எனக்குக் குறை இருக்கிறது.

நம்மிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: குரல். எவ்வளவு உயரம் போகிறது, சங்கதி எத்தனை விழுகிறது, மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறது. ஐந்து நிமிடப் பாட்டில் ஒரு பாடகரை எடைபோடப் பழகிய திரையிசைக் காதுக்கு இது இயல்பு. ஆனால் சோல் இசை பிறந்த கதை வேறு. 1954இல் ரே சார்ல்ஸ், சதர்ன் டோன்ஸ் குழுவின் ஒரு தேவாலயப் பாட்டின் மெட்டை எடுத்து, அதில் ஒரு பெண்ணைப் பற்றிய வரிகளை வைத்து 'ஐ காட் எ வுமன்' பாடினார். சாம் குக், சோல் ஸ்டிரர்ஸ் என்ற கோஸ்பல் குழுவின் முன்னணிப் பாடகராக இருந்து வெளியே வந்தவர். அரீதா ஃபிராங்க்ளின், டெட்ராய்ட்டின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்துப் போதகரின் மகள். இவர்கள் குரலில் கேட்கும் வளைவும் நெளிவும் மேடையில் காட்டுவதற்காகக் கற்றுக்கொண்ட வித்தை அல்ல. எதிரில் அமர்ந்திருக்கும் சபை 'ஆமென்' என்று பதில் கொடுக்கும்போது, அந்தப் பதிலுக்குப் பதிலாக எழுந்தவை அவை. அடிமைகளாகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்களுக்கென்று வைத்திருந்த ஒரே கூடத்தில் வளர்ந்த குரல் அது. எனவே ஒரு சோல் ஆல்பத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்தப் பாடகர் யார் நடுவில் நின்று பாடுகிறார்? வளர்த்த கூடம் பாட்டுக்குள் இருக்கிறதா? 2014 டிசம்பர் முதல் 2023 முடிய வந்த ஆல்பங்களை இந்தக் கேள்வியோடு கேட்டால், வழக்கமான வரிசை மாறிவிடுகிறது.

அந்தத் தேதியில் தொடங்குவதற்கு 'பிளாக் மெசையா'தான் காரணம். 2000இல் வந்த 'வூடூ'வுக்குப் பிறகு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் டி'ஏஞ்சலோவிடமிருந்து ஆல்பம் எதுவும் வரவில்லை. 2014இல் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்மீது வழக்கு இல்லை என்று நவம்பரில் முடிவானதும் தெருக்கள் கொதித்தன. அடுத்த ஆண்டுக்கென்று வைத்திருந்த ஆல்பத்தை டி'ஏஞ்சலோ அவசரமாக டிசம்பர் 15 அன்றே வெளியிட்டார். வெர்ஜீனியாவின் ரிச்மண்டில் பெந்தேகொஸ்தே சபையில் வாத்தியம் வாசித்து வளர்ந்த போதகரின் மகன் அவர். கூடம் அவருக்குள் எப்போதும் உண்டு. பீனோ பல்லாடினோவின் பேஸ் கிதாரும் குவெஸ்ட்லவ்வின் டிரம்ஸும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்து உட்காரும் அழகை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. ஆனால் சொற்கள் அந்த இசைப் புகைக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. ஆல்பத்தோடு வந்த குறிப்பைப் படித்தால்தான் அவர் ஃபெர்குசனையும் எகிப்தையும் நினைத்திருக்கிறார் என்பது தெளிவாகிறது. 2025 அக்டோபரில் 51 வயதில் அவர் மறைந்தபின் இந்த ஆல்பத்தின்மீது மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. அந்தத் துயரத்தில் எனக்கும் பங்குண்டு. இசையாக அது முதலிடம். ஆனால் நான் கேட்ட கேள்விக்கு அதைவிட முழுமையான விடையை 2016இல் ஒரு பெண் கொடுத்தார்.

சொலாஞ்சின் 'எ சீட் அட் த டேபிள்' அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று வந்தது. ஏப்ரலில் அக்கா பியான்சேயின் 'லெமனேட்' வந்து உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்த நேரம். தங்கையின் குரல் சிறியது; உச்சத்துக்கு ஏறாது, ஏற முயல்வதும் இல்லை. சங்கதி எண்ணும் நம் காதுக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். லூசியானாவில் தன் தாய்வழித் தாத்தா பாட்டி வாழ்ந்த நியூ ஐபீரியாவுக்குப் போய், அங்கே தங்கி அவர் பாடல்களை எழுதினார். 21 தடங்கள் கொண்ட அந்த ஆல்பத்தில் பாட்டுகளுக்கு நடுவே பேச்சு வருகிறது. வெள்ளையர் பள்ளியில் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பினப் பிள்ளைகளில் ஒருவராகத் தான் பட்ட பாட்டை அப்பா மேத்யூ நோல்ஸ் சொல்கிறார். தன் மக்களின் அழகைப் பற்றி அம்மா டீனா பேசுகிறார். நியூ ஆர்லியன்ஸில் சொந்தமாக இசை நிறுவனம் நடத்திய கதையை மாஸ்டர் பி விவரிக்கிறார். பேச்சு முடியும் இடத்தில், அதிலிருந்தே பாட்டு முளைக்கிறது. அப்பாவின் கோபத்தைக் கேட்டபின் மகளின் அமைதியான குரல் ஏன் அப்படி அமைதியாக இருக்கிறது என்பது விளங்குகிறது: அது பல தலைமுறை அடக்கிவைத்த அமைதி. பெற்றோரின் குரலை அலங்காரமாக வைக்காமல் ஆல்பத்தின் தூணாகவே நிறுத்தியவர் அவர். ரஃபேல் சாதிக்கின் தயாரிப்பில் வாத்தியங்கள் அந்தக் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. பில்போர்டின் முதலிடத்துக்கும் அது போனது. எனக்கு அது இரண்டாம்பட்சம். ஒரு குடும்பத்தின் வாய்மொழி வரலாறு பாட்டுக்குச் சமமாக ஆல்பத்தில் உட்கார முடியும் என்று அது காட்டியதுதான் பெரிய காரியம். தோட்டப்புறத்துப் பேரப்பிள்ளைகளான நமக்கு இதைவிட நேரடியான பாடம் வேறு ஆல்பத்தில் இல்லை.

அதே ஆண்டு நம் நாட்டிலிருந்து யூனாவின் 'சாப்டர்ஸ்' வந்தது. கெடாவில் பிறந்த யூனா அஷருடன் பாடிய 'கிரஷ்' அதில்தான் இருக்கிறது. டிஜே பிரீமியரும் ஜெனே ஐகோவும் அதில் பங்கெடுத்தார்கள். ஒரு மலேசியப் பெண் அமெரிக்க ஆர் அண்ட் பி உலகத்தில் சமமாக நின்றது எல்லா மலேசியருக்கும் பெருமை. தயாரிப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அலோர் ஸ்டாரின் காற்றோ மலாய்ப் பாட்டின் சாயலோ அதற்குள் அதிகம் வரவில்லை. அதனால் அது நல்ல ஆல்பம் என்பதோடு நின்றுவிடுகிறது.

இப்போது சித் ஸ்ரீராம். அவருடைய ரசிகர்கள் வைக்கும் வாதம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு வயதில் சென்னையிலிருந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டுக்குப் போனவர். அம்மா லதா ஸ்ரீராமிடம் கர்நாடக சங்கீதம், பெர்க்லி கல்லூரியில் மேற்கத்திய இசை. இரண்டும் ஒரே தொண்டையில் சேர்ந்தன. 'கடல்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் அவரைப் பாடவைத்த 'அடியே', தமிழ்த் திரையில் கோஸ்பல் சாயலும் நம் ஊர்ப் பேச்சும் உண்மையாகக் கைகோத்த பாட்டு. கடலோரக் கிறிஸ்தவ மீனவ ஊரில் நடக்கும் கதைக்கு அந்தச் சாயல் ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை. அதன்பின் 2016இல் 'தள்ளிப் போகாதே', 2017இல் 'மறுவார்த்தை'. ஒரு பாட்டுக்கு ஒரு பாட்டு என்று பந்தயம் வைத்தால், நான் இங்கே பேசும் எந்த ஆல்பத்திலிருந்தும் எடுத்த பாட்டுக்கு இவை ஈடுகொடுக்கும். அப்படியென்றால் ஆல்பம் எதற்கு, சினிமாப் பாட்டையே பத்தாண்டின் சோல் என்று சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். சொல்ல முடியாது. சினிமாப் பாட்டில் காதலிப்பது ஒரு பாத்திரம். தவிப்பது ஒரு காட்சி. பாடகர் தன் வாழ்க்கையைச் சொல்ல அங்கே இடமில்லை; அது அவர் வேலையும் இல்லை. 1971இல் மார்வின் கே 'வாட்ஸ் கோயிங் ஆன்' கொண்டுவரப் போராடியதே, தன் நிறுவனம் கேட்ட காதல் பாட்டுகளைத் தாண்டித் தன் வாயால் தன் காலத்தைப் பேசத்தான். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் சோல் ஆல்பம் என்பது ஒரு மனிதரின் நீண்ட பேச்சாக மாறியது.

அந்த நீண்ட பேச்சுக்கு சித் ஸ்ரீராம் இரண்டு முறை முயன்றார்: 2019இல் 'என்ட்ரோப்பி', 2023இல் 'சித்தார்த்'. இரண்டாவதை டெஃப் ஜாம் வெளியிட்டது. மின்னியாபோலிஸில் ரயன் ஓல்சனோடு உருவாக்கியது. துணிச்சலான ஒலி, முதலாவதைவிடப் பல மடங்கு உயர்ந்த ஆக்கம். 'டியர் ஸஹானா' என்று ஒரு ராகத்தைப் பெயரிலேயே தாங்கிய பாட்டும் உண்டு. ஆயினும், வெண்கலத்தில் வார்த்த மாதிரி நம் நினைவில் நிற்கும் அந்தக் குரல், கருவிகளின் திரைக்குப் பின்னால் பல இடங்களில் கலங்கிப்போகிறது. அம்மாவிடம் பாடம் கேட்ட அந்தக் கூடம் அவருடைய கச்சேரிகளில் முழுதாக இருக்கிறது; ஆல்பத்தில் அங்கங்கே எட்டிப்பார்க்கிறது. தமிழில் இந்தத் தலைமுறையின் சிறந்த சோல் குரல் அவருடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிறந்த சோல் ஆல்பம் அவருடையது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தமிழர் தந்த ஆல்பங்களில் அந்த இடத்தை நான் பிரியா ராகுவுக்குக் கொடுக்கிறேன். போரிலிருந்து தப்பி வந்த ஈழத்துப் பெற்றோருக்குச் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலனில் பிறந்தவர். அப்பா ஓர் இசைக்குழு வைத்திருந்தார். தமிழ்க் குடும்ப விழாக்களில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழு அது. மகள் பாடினார், மகன் கீபோர்டு வாசித்தார். பல ஆண்டுகள் ஒரு விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பின்பு நியூயார்க்கில் சில மாதங்கள் தங்கி எழுதி, யாழ்ப்பாணத்தின் பெயரைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்ட தயாரிப்பாளர் ஜாஃப்னா கோல்டோடு, அதாவது அதே சகோதரரோடு, 2021இல் 'டாம்ஷீஸ்தமிழ்' என்ற தொகுப்பையும் 2023இல் 'சந்தோஷம்' என்ற ஆல்பத்தையும் தந்தார். பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனால் ஒலியைக் கவனியுங்கள். தொண்ணூறுகளின் ஆர் அண்ட் பி தாளத்துக்கு மேல் நம் பறையும் தவிலும் நினைவுக்கு வரும் அடி விழுகிறது. ஆங்கில வரி முடியும் இடத்தில் தமிழ் ஒரு பெருமூச்சு மாதிரி நுழைந்து, விளக்கம் எதுவும் கேட்காமல் தங்கிவிடுகிறது. 'சிக்கன் லெமன் ரைஸ்' என்று வீட்டுச் சமையலைப் பெயராக வைத்த பாட்டு ஒன்று. மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டிய சிறுமி கமலியைப் பற்றிய ஆவணப்படத்திலிருந்து பிறந்த பாட்டு இன்னொன்று. 'ஆடலாம் வா' என்று பெயரிலேயே தமிழ் பேசும் பாட்டு மற்றொன்று. புலம்பெயர்ந்த ஈழத்தமிழருக்குக் கல்யாண மண்டபமும், பூப்புச் சடங்கு நடக்கும் சாமத்திய வீடும்தான் சபை. அங்கே சினிமாப் பாட்டைப் பாடும் குழந்தைக்கு எதிரில் இருப்பவர்கள் ரசிகர்கள் அல்லர், உறவுக்காரர்கள். தவறினால் கண்டிப்பார்கள், நன்றாக வந்தால் கண் கலங்குவார்கள். அரீதாவுக்கு அப்பாவின் தேவாலயம் செய்ததை இவருக்கு அந்த மண்டபம் செய்திருக்கிறது. அவர் தந்த தொகுப்பு, ஆல்பம் இரண்டில் 'சந்தோஷம்' எனக்கு உயர்வு. பட்டதை எல்லாம் பாடிவிட்டு, மகிழ்ச்சிக்கும் எங்களுக்கு உரிமை உண்டு என்று தலைப்பிலேயே அறிவிக்கிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். சோல் கறுப்பின அமெரிக்கரின் சொத்து, தமிழர் அதில் கைவைப்பது முறையா என்பது முதலாவது. கறுப்பினப் பாடகரின் உச்சரிப்பையும் உடல்மொழியையும் இரவல் வாங்கி, அவர்கள் பட்ட பாட்டைப் பற்றி வாய்திறக்காமல் இருந்தால் அது முறையே இல்லை. நம் பாடகர்கள் பலர் செய்வது அதுதான். ஆனால் உங்கள் வீட்டுக் குரலை உரக்கச் சொல்லுங்கள் என்ற வழிமுறையை எடுத்து, கடனை வெளிப்படையாக ஏற்றுக்கொள்பவர் திருடர் ஆகமாட்டார். லண்டனில் உகாண்டாப் பெற்றோருக்குப் பிறந்த மைக்கேல் கிவானுக்கா, வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே என்று ஆரம்பத்தில் வந்த யோசனைகளை ஏற்காமல், 2019இல் தன் குடும்பப் பெயரையே ஆல்பத்துக்குத் தலைப்பாக்கி, மறு ஆண்டு மெர்குரி விருதும் பெற்றார். பிரியா ராகு செய்ததும் அந்த வகை. ஆங்கிலத்தில் பாடினால் அது தமிழ் ஆல்பம் ஆகுமா என்பது இரண்டாவது மறுப்பு. சாங்க்ட் காலனில் வளர்ந்த பெண் சென்னைத் தமிழில் பாடியிருந்தால்தான் பொய் ஆகியிருக்கும். ஜொகூர் பாருவில் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசும் நாம் இதைக் குறையாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது கூட்டத்துக்கு வருகிறேன். என் மனம் அவர்களோடுதான் இருக்கிறது. யோகி பி, 1998இல் 'பொயட்டிக் ஆமோ' குழுவின் முதல் ஆல்பத்திலேயே ஆங்கிலத்தோடும் மலாயோடும் தமிழையும் ராப்பில் ஏற்றியவர். 2006இல் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடு நட்சத்திரா என்ற பெயரில் 'வல்லவன்' கொண்டுவந்தார். இளையராஜாவின் 'நிழல்கள்' பாட்டின்மீது எழுப்பிய 'மடை திறந்து', தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. தமிழ் ராப் இசையின் தலைவாசல் மலேசியாவில் திறந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது ராப். நாம் பேசும் பத்தாண்டுக்கும் முந்தியது. அதற்குப் பிறகு? 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'விவேகம்', 'காலா' என்று யோகி பியின் குரலைத் தமிழ்ச் சினிமா தன் பாட்டுகளுக்கு நடுவே சில அடிகளாக வாங்கிக்கொண்டது. திலீப் வர்மனின் 'உயிரைத் தொலைத்தேன்' கடல் தாண்டி எல்லாத் தமிழர் காதிலும் விழுந்தது, தனிப்பாட்டாக. திறமைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. வானொலி தனிப்பாட்டைத்தான் ஒலிபரப்புகிறது, யூடியூப் தனி வீடியோவைத்தான் முன்னே தள்ளுகிறது, ஸ்பாட்டிஃபை பாட்டுக் கணக்கில்தான் காசு கொடுக்கிறது. பத்துப் பாட்டை ஒரே பேச்சாகக் கோத்து முடிக்கும் செலவை ஏற்க யாரும் முன்வருவதில்லை. அதன் விளைவாக, நம் இளைஞர்கள் பாடும் காதல் தோல்விகள் ஏராளமாக இருக்கின்றன. அவர்கள் தாத்தா பாட்டியின் கதையைச் சொல்லும் சோல் ஆல்பம் ஒன்றுகூட என் பட்டியலில் வைக்கக் கிடைக்கவில்லை.

ஜொகூரில் அந்தக் கதை தெருவுக்குத் தெரு கிடக்கிறது. கங்காணி முறையில் வந்து பால்மரக் காட்டில் இறங்கியவர்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியபின் திரும்பிப் போகாமல் தங்கியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பிழைப்பை மாற்றிக்கொண்டவர்கள். 'வல்லவன்' வந்த அதே 2006இல்தான் தென்ஜொகூரில் இஸ்கந்தர் மேம்பாட்டு வட்டாரம் தொடங்கப்பட்டது. தோட்ட நிலங்கள் வீட்டுமனையாகவும் தொழிற்சாலையாகவும் மாறிய வேகத்தில், லயத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் மாசாய், ஸ்கூடாய், உலு திராம், கூலாய் என்று சிதறினார்கள். விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். இவர்களுக்கு ஒரு கூடம் இருந்தது, இன்றும் இருக்கிறது: தோட்டத்து மாரியம்மன் கோவிலும் அதன் வாசலில் முழங்கும் உறுமி மேளமும். தோட்டம் போனபின்னும் உறுமி போகவில்லை. சாவுக்கும் வருகிறது, திருவிழாவுக்கும் வருகிறது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியத்துக்கு 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தைப்பூசம் பொது விடுமுறையாக இருக்கும் ஜொகூரில் அந்த முழக்கம் இன்றும் கேட்கிறது. கேள்வியும் பதிலுமாக, ஒருவர் எடுக்கக் கூட்டம் முடிக்கும் அந்தப் பாட்டு முறைக்கும் கறுப்பினத் தேவாலயத்துப் பாட்டு முறைக்கும் உள்ள ஒற்றுமையைக் கேட்கத் தனிப் பயிற்சி வேண்டாம்.

உறுமியைச் சோலுக்குள் கொண்டுவந்தால் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஏற்கெனவே உறுமிக் குழுக்கள் சாமி ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள், கூச்சல் போடுகிறார்கள் என்ற மனக்குறை உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. காவடி எடுப்பவருக்குத் தேவைப்படும் ஒருமுகம் கெடக்கூடாது. ஆனால் கோவிலில் பிறந்த இசை வெளியே போகக்கூடாது என்று அந்தக் குறையை நீட்டினால், ரே சார்ல்ஸைக் கண்டித்த தேவாலயத்தார் பக்கம் போய் நிற்போம். சாம் குக் முதன்முதலில் காதல் பாட்டு வெளியிட்டபோது கோஸ்பல் ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து 1956இல் 'டேல் குக்' என்று பெயர் மாற்றிக்கொண்டார். குரலை யார் மறைக்க முடியும்? கேட்டவுடன் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டே சொந்தப் பெயரில் பாடினார். தேவாலயமும் அழியவில்லை, சோலும் பிறந்தது.

ஆகவே என் வரிசை இது: உலக அளவில் 'எ சீட் அட் த டேபிள்' முதலில், அதன் தோளோடு தோள் உரச 'பிளாக் மெசையா', அடுத்து 'கிவானுக்கா'. தமிழர் தந்தவற்றில் 'சந்தோஷம்' முதலில், 'சித்தார்த்' இரண்டாவது. இந்த வரிசையில் 'சாப்டர்ஸ்' இன்னும் மேலே இருக்கவேண்டும் என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், பேசலாம். மலேசியத் தமிழ் ஆல்பம் எதையும் சேர்க்காததற்காகச் சண்டைக்கு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம், உள்ளூர் ஆல்பம் ஒன்றை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை நிறுத்தாமல் ஒலிபரப்பச் சொல்லி மின்னலிடமும் ராகாவிடமும் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் உறுதி என்று தெரிந்தால், பத்துப் பாட்டைக் கோத்து உட்காரும் துணிவு மாசாயிலோ கூலாயிலோ இருக்கும் யாருக்காவது வரும்.